செம்மண்ணில் வெட்சி

வெட்சிச் செடி வாங்கப் போகிறவர்கள் முதலில் பூவை விட்டுவிட்டு இலையைப் பார்க்க வேண்டும். செடிக்கடையில் கொத்துக் கொத்தாகச் சிவந்து நிற்கும் செடி யாரையும் மயக்கும். அந்தக் கொத்து வாடிய பிறகு அடுத்தது வருமா என்பதை இலைதான் சொல்லும். முதிர்ந்த இலை, நிழலில் கறுப்போ என்று தோன்றும் அளவுக்குக் கரும்பச்சையாக, விளக்கெண்ணெய் தடவித் துடைத்தது போல மினுங்க வேண்டும். விரலால் மடக்கினால் தோல் போலத் திமிர வேண்டும். கிளை நுனியில் உள்ள குருத்திலை மட்டும் செம்பு நிறத்தில் இருக்கலாம். புதிதாக வளர்ப்பவர்கள் அதைப் பார்த்து நோய் என்று பயந்துவிடுகிறார்கள். அது இளம் இலையின் இயல்பான நிறம், முற்றும்போது தானே கறுக்கும். பிறகு பாலிபேக்கைச் சாய்த்து அடிப்பக்கம் பாருங்கள். துளை வழியாக வேர் வெளியே வந்து, உள்ளே பாய் முடைந்தது போலச் சுற்றியிருந்தால் அந்தச் செடி வேண்டாம்.

இதையே தமிழ்நாட்டில் பலர் இட்லிப்பூ என்பார்கள். கேரளத்தில் தெச்சி. நம் மலாய் அண்டைவீட்டார் ஜெஜாரூம் என்றும் சியாந்தான் என்றும் சொல்வார்கள். காப்பிச் செடியின் குடும்பம்; கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே இலை விடுவதில் அந்த உறவு தெரியும். லின்னேயஸ் 1753-இல் இதற்கு இக்சோரா என்று பெயர் வைத்தார். ஈஸ்வரன் என்ற சொல்லே அப்படித் திரிந்தது என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படும் விளக்கம். தமிழில் அதற்கும் வெகுகாலம் முன்பே ஆநிரை கவரும் போருக்கு வெட்சித்திணை என்று தொல்காப்பியம் பெயரிட்டுவிட்டது. முருகனுக்குரிய மாலையும் இந்தப் பூதான். செச்சை என்ற பழைய பெயரும் உண்டு. பூசைக்கூடையில் செம்பருத்தி மாலைக்குள் சுருங்கிவிடும். வெட்சிக் கொத்தோ செடியிலேயே வாரக்கணக்கில் நிற்கும்.

இத்தனை பெருமை இருந்தாலும், இந்த நூலில் வெட்சிக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியது மண்ணுக்காக. பண்டார் தெங்காரா மண்ணும் வெட்சியும் ஒன்றுக்கொன்று பொருந்துவது போல வேறு எந்தப் பூச்செடியும் இங்கே பொருந்தி நான் பார்க்கவில்லை. கூலாய் மாவட்டத்தின் இந்தப் பகுதி, 1972-இல் அமைந்த கெஜோரா மேம்பாட்டு வாரியத்தின் கீழ் காடு திருத்தி எழுந்தது. எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் செம்பனை. பூமத்திய ரேகைக்கு வடக்கே இரண்டு பாகைக்குள் இருக்கிறோம். குளிர்காலம் கிடையாது, நீண்ட வறட்சியும் அரிது. காலங்காலமாகப் பெய்யும் மழை மண்ணிலிருந்த சுண்ணாம்பையும் சாம்பல்சத்தையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது புளித்த செம்மண். நம் பக்கத்துச் செம்பனை மண்ணைச் சோதித்தால் பி.எச். அளவு பெரும்பாலும் 4-க்கும் 5-க்கும் இடையில் நிற்கும். கத்தரிக்காய்க்கும் கீரைக்கும் அது கடுமை. வெட்சி புளிப்பு மண்ணை விரும்பும் செடி. 5-லிருந்து 6 வரை இருந்தால் அதற்குப் பரம சுகம்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் தோட்டக்கலைப் புத்தகங்களை வைத்துக்கொண்டு இங்கே வெட்சி வளர்ப்பவர்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்த வேண்டும். கோயம்புத்தூர்ப் பக்கத்துச் சுண்ணாம்பு மண்ணிலும் உப்பேறிய ஆழ்குழாய்த் தண்ணீரிலும் வெட்சி வளர்ப்பது ஒரு போராட்டம். அங்கே மண்ணைப் புளிக்க வைக்க என்னென்னவோ செய்வார்கள். நமக்கு அந்த வேலையை வானமே செய்து முடித்துவிட்டது. மண்ணைக் கெடுக்காமல் இருந்தால் போதும்.

ஆனால் கெடுக்கிறோம். பெரும்பாலும் தெரியாமல்தான்.

தாமான் வீட்டுக்குக் குடிவந்த ஆண்டு, வேலியோரம் ஏழு செடி நட்டேன். ஒரே கடை, ஒரே நாள், ஒரே உரம். ஆறு மாதத்தில் தெருப்பக்கம் இருந்த நான்கும் இடுப்பளவு வளர்ந்து கறுகறுவென்று நின்றன. கார் நிறுத்துமிடத்தை ஒட்டி நட்ட மூன்றும் வெளிறிப்போயின. குருத்திலைகள் எலுமிச்சை மஞ்சள். நரம்பு மட்டும் பச்சை வலை போல ஓடியது. பசி என்று நினைத்து உரத்தை இரட்டிப்பாக்கினேன். இன்னும் வெளுத்தன. எதிர்வீட்டு அக்கா, தோட்டத்தில் நாற்றுமேடை வேலை செய்தவர், வந்து பார்த்துவிட்டு, "உரத்தை நிறுத்து தம்பி, அடியில தோண்டிப் பாரு," என்றார். தோண்டினேன். ஒரு சாண் ஆழத்திலேயே உடைந்த செங்கல், காய்ந்த சிமெண்ட் கட்டி, பூச்சுக் கலவை. வீடு கட்டியவர்கள் மிச்சத்தை அங்கேயே கொட்டி, மேலே மண் பரப்பிவிட்டுப் போயிருந்தார்கள்.

சிமெண்டில் சுண்ணாம்பு இருக்கிறது. மழைத்தண்ணீர் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அதைக் கொஞ்சம் கரைத்துச் சுற்றியுள்ள மண்ணில் சேர்க்கிறது. மண்ணின் புளிப்பு போய்விடுகிறது. புளிப்பு போனால் இரும்புச்சத்து வேர் உறிஞ்ச முடியாத வடிவத்துக்கு மாறிவிடும். நம் செம்மண்ணின் சிவப்பு நிறமே இரும்பின் நிறம்தான். இரும்பின் மேலேயே நின்றுகொண்டு செடி இரும்புக்கு ஏங்கி வெளுக்கிறது. இந்த நிலையில் சாதாரண உரத்தை எத்தனை முறை போட்டாலும் அது தீராது.

ஆகவே நடுவதற்கு முன் ஒரு சோதனை. நட நினைக்கும் இடத்தில் ஒரு முழம் தோண்டி, அடிமண்ணை ஒரு கைப்பிடி எடுத்துக் காயவைத்து, அதன் மேல் சமையலறை வினிகரைக் கொஞ்சம் ஊற்றுங்கள். சின்னச் சின்னக் குமிழியாகப் பொங்கினால் உள்ளே சுண்ணாம்பு இருக்கிறது. பொங்காவிட்டாலும் கண்ணுக்குச் சிமெண்ட் துண்டு தென்பட்டால் பொறுக்கி எடுத்துவிடுங்கள். வீட்டுச் சுவர், சிமெண்ட் தரை, லோங்காங் கரை ஆகியவற்றிலிருந்து செடி குறைந்தது இரண்டடி தள்ளியிருக்கட்டும். மூன்றடி கிடைத்தால் இன்னும் நல்லது. இடம் இல்லையென்றால் ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் தோண்டி, இடிபாட்டை முழுதாக அள்ளிக் கொட்டிவிட்டு, வேறிடத்துச் செம்மண்ணும் மக்கிய இலைதழையும் கலந்து நிரப்புங்கள். என் மூன்று செடியையும் பிடுங்கி அப்படித்தான் மறுபடி நட்டேன். ஒன்று பட்டுப்போனது. இரண்டு பிழைத்துக் கறுத்தன.

உடனே தோண்ட முடியாதவர்கள் தற்காலிகமாக அன்னபேதி தெளிக்கலாம். உரக்கடையில் பெரஸ் சல்பேட் என்று கேட்டால் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மூன்று கிராம், அதற்கு மேல் வேண்டாம். அதிகமானால் இலை கருகும். வெயில் தாழ்ந்த பிறகு இலையின் இருபக்கமும் நனைய அடித்து, பத்துப் பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை. செலேட் வடிவ இரும்பு விலை கூடுதல், ஆனால் வேலை சுத்தம். அன்னபேதித் தண்ணீர் சிமெண்ட் தரையில் பட்டால் துருக்கறை படியும், எளிதில் போகாது. கார் நிறுத்தும் இடத்தில் கவனம். தெளிப்பு இலையைத்தான் தேற்றும். மண் மாறாவிட்டால் அடுத்த குருத்து மறுபடி மஞ்சளாகத்தான் வரும்.

எல்லா மஞ்சளும் இரும்புக் குறை ஆகிவிடாது. எந்த இலை மஞ்சள் என்று பாருங்கள். நுனிக்குருத்து வெளுத்து நரம்பு பச்சையாக நின்றால் இரும்பு. குருத்து நன்றாக இருந்து, அடியிலைகள் நரம்புக்கிடையே வெளுத்தால் மக்னீசியம். செம்பனைக்குப் போடும் கீசரைட்டில் ஒரு தேக்கரண்டி போதும். முதிர்ந்த இலைகளில் ஊதாவும் பழுப்புமாகப் புள்ளிகள் விழுந்தால் பலர் பூஞ்சை மருந்து அடிக்க ஓடுகிறார்கள். வெட்சியில் அது பெரும்பாலும் பொட்டாசியக் குறைவு. நம் மழை பொட்டாசியத்தை மண்ணில் தங்கவிடுவதில்லை. மருந்தை வைத்துவிட்டு உரத்தை எடுங்கள்.

உரம் என்றால் எஸ்டேட்காரர்களுக்குப் பழகிய 12:12:17:2 நீல உரமே நன்றாக ஒத்துவருகிறது. பொட்டாசியம் கூடுதலாகவும் மக்னீசியம் கொஞ்சமாகவும் அதில் இருக்கிறது. இடுப்பளவுச் செடிக்கு ஒரு மேசைக்கரண்டி, தண்டில் படாமல் இலைக்குடை முடியும் வட்டத்தில் தூவி, லேசாகக் கிளறி மூடுங்கள். ஆறு வாரத்துக்கு ஒரு முறை. மொத்தமாகப் போட்டால் ஒரு கனமழையில் பாதி லோங்காங்குக்குப் போய்விடும்.

இங்கே மூன்று பொருள்கள் எளிதாகக் கிடைக்கின்றன. மூன்றையும் அள்ளிப் போடும் ஆசை வரும். ஆலையிலிருந்து வரும் செம்பனைக் காலிக் குலை முதலாவது. வெட்சிக்கு அருமையான மூடாக்கு. ஈரம் காக்கும், மக்கும்போது பொட்டாசியம் தரும். ஒற்றை அடுக்காக, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பரப்புங்கள். குவித்து வைத்தால் மக்கும் குவியலுக்குள் காண்டாமிருக வண்டு முட்டையிடும், பக்கத்துத் தென்னைக்கும் செம்பனைக்கும் அது எமன். இரண்டாவது சாம்பல். ஆலைச் சாம்பலானாலும் அடுப்புச் சாம்பலானாலும் அது கடும் காரம். முருங்கைக்குப் போடுங்கள், வெட்சிக்கு ஒரு பிடிகூட வேண்டாம். மூன்றாவது கோழி எரு. முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்பு சேர்ப்பதால் எருவிலும் அது மிகுதி. நன்றாக மக்கியதை ஆண்டுக்கு ஒரு முறை கொஞ்சம் போடலாம், அதற்கு மேல் போனால் சிமெண்ட் பக்கத்தில் நட்ட கதையேதான். பழைய வழக்கப்படி செடியைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூள் தூவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மிளகாய்ப் பாத்திக்கு அது சரி, வெட்சியின் பக்கம் கொண்டுவராதீர்கள்.

நடுவதற்கு நான் தேர்ந்தெடுப்பது ஏப்ரல் மாதம். மதியம்வரை வெயில், மாலையில் இடிமழை என்ற ஒழுங்கு அப்போது வந்துவிடும். புது வேர் அதில் பிடித்துக்கொள்ளும். நவம்பர் முடிவிலிருந்து ஜனவரி வரை நடாதீர்கள். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியை மூழ்கடித்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வளவு வேண்டாம், சாதாரண வடகிழக்குப் பருவமழையே ஒரு குழியை நிரப்பப் போதும். நம் களிமண்ணில் சங்குலால் வழவழவென்று வெட்டிய குழி, மழை பெய்தால் சட்டி போலத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெட்சி ஈரத்தை விரும்பும், ஆனால் கால் ஊறினால் வேர் அழுகிவிடும். குழியின் பக்கங்களைக் கம்பியால் கீறிச் சொரசொரப்பாக்குங்கள். தாழ்வான இடமானால் ஒரு சாண் மேடு கட்டி அதன் மேல் நடுங்கள். நாற்று பாலிபேக்கில் எந்த மட்டத்தில் நின்றதோ அதே மட்டம். ஆழப் புதைக்கக் கூடாது.

உயர வகைக்கு இரண்டரை அடி இடைவெளி, குட்டை வகைக்கு ஓரடி. ஜாவா வெட்சி என்று விற்கப்படும் ஆரஞ்சு நிறப் பெருங்கொத்து வகை ஆளுயரம் தாண்டும். சன்னலுக்கு முன்னால் அதை நட்டுவிட்டுப் பிறகு ஆண்டெல்லாம் வெட்டிக்கொண்டிருக்க வேண்டாம். பழைய சிவப்பு வெட்சியை இலைக்காம்பு வைத்து அடையாளம் காணலாம். அதன் இலை கிட்டத்தட்டக் காம்பே இல்லாமல் தண்டைத் தழுவியிருக்கும். ஜாவா வெட்சிக்குத் தெளிவான காம்பு உண்டு. எனக்குப் பழைய சிவப்பின் மேல்தான் பிரியம்.

நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். மாமர நிழலில் வைத்தால் இலை இன்னும் கறுக்கும், பார்க்கவும் செழிப்பாகத்தான் இருக்கும். பூ மட்டும் வராது.

பூ வராததற்கு இன்னொரு பெரிய காரணம் கத்தரி. சாலையோரத்தில் பெட்டி போலச் சமமாக வெட்டிய வெட்சி வேலிகளைக் கவனித்திருப்பீர்கள். இலை அடர்த்தியாக இருக்கும், பூ அங்கொன்று இங்கொன்று. வெட்சி புதுக்கிளையின் நுனியில்தான் மொட்டு வைக்கும். மாதத்துக்கு இரண்டு முறை நுனியைச் சீவினால், மொட்டு தெரியுமுன்பே அதைத் தலையோடு எடுத்துவிடுகிறோம். செடி மறுபடி கிளைக்கிறது, மறுபடி சீவுகிறோம். இந்த ஒன்றை நிறுத்தினாலே பாதி வீடுகளில் பூ வந்துவிடும் என்று உறுதியாகச் சொல்வேன்.

வெட்டும் முறை இது. ஒரு கொத்து வாடியதும் அதற்குக் கீழே இரண்டு ஜோடி இலை விட்டு, கணுவுக்குச் சற்று மேலே கைக்கத்தரியால் நறுக்குங்கள். எதிரெதிர் கணுவிலிருந்து இரண்டு கிளை புறப்படும். ஒரு கொத்து இருந்த இடத்தில் அடுத்த முறை இரண்டு. முழுச் செடியையும் சீர்படுத்துவது ஆண்டுக்கு ஒரு தடவை போதும். வெட்டியதிலிருந்து மறுபடி நிறைந்து பூக்க என் தோட்டத்தில் இரண்டரை மாதம் முதல் மூன்று மாதம் ஆகிறது. மேகமூட்டம் தொடர்ந்தால் இன்னும் சில வாரம் கூடும். ஜொகூரில் தைப்பூசம் பொது விடுமுறை. அன்று சாமிக்கு வீட்டு வெட்சியில் மாலை கட்ட வேண்டுமென்றால் அக்டோபர் மூன்றாம் வாரத்துக்குள் கத்தரியை எடுத்துவிட வேண்டும். அதன் பிறகு நுனியைத் தொடவே கூடாது. நான் இதை நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். டிசம்பர் மழை சில கொத்துகளைக் கொட்டிவிடும். அதனால் சாமிக்கென்று கூரைவிளிம்பின் ஓரத்தில், சாரல் மட்டும் படும்படி, இரண்டு தொட்டிச் செடிகளைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. தொட்டிக்கு அடித்தட்டு வைக்காதீர்கள். தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும்.

புல்வெட்டும் மெஷின் வெட்சியைக் கொல்லும் என்று சொன்னால் நம்புவதற்குக் கடினம். நைலான் நரம்பு தண்டின் அடியில் ஒரு சுற்றுப் பட்டால் பட்டை உரிந்துவிடும். இரண்டு மாதம் கழித்துச் செடி காரணம் தெரியாமல் வாடும். செடியைச் சுற்றி இரண்டடி வட்டத்தில் புல்லே இல்லாமல் கையால் களையெடுத்து, மூடாக்குப் போட்டு வையுங்கள். புல்வெட்ட வருகிறவர் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றுவிடுவார்.

பூச்சிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இலை மேல் அடுப்புக்கரி பூசியது போலக் கறுப்புப் படலம் வந்தால் இலையைத் திருப்பிப் பாருங்கள். நடுநரம்பை ஒட்டிப் பச்சையாகவோ பழுப்பாகவோ செதில் பூச்சி ஒட்டியிருக்கும். அது கழிக்கும் இனிப்பு நீரில்தான் அந்தப் படலம் வளர்கிறது. எறும்புகள் அந்த இனிப்புக்காகவே செதில் பூச்சிக்குக் காவல் நிற்கும்; கெரெங்கா கூடு கட்டியிருந்தால் முதலில் அந்தக் கிளையை நறுக்கி அகற்றுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து, மாலையில் அடிப்பக்கம் நனைய அடித்து, மறுநாள் காலை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். வாரம் ஒன்றாக மூன்று முறை. கடும் மருந்து அடித்தால் தேன்சிட்டும் பட்டாம்பூச்சியும் வருவது நின்றுவிடும். அந்த நீண்ட பூக்குழலின் அடியிலுள்ள தேனுக்காகத்தான் அவை வருகின்றன. சின்ன வயதில் பூவைக் காம்போடு இழுத்து அந்த ஒரு சொட்டை நாம் உறிஞ்சியது போல இன்றைய பிள்ளைகளும் உறிஞ்சுவார்கள். மருந்தை அலமாரியிலேயே வைத்திருக்க அந்த ஒரு காரணம் போதும்.

செடி பெருக்குவதற்குக் காசு வேண்டாம். அதிகம் முற்றாத, பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய கிளையில் ஒரு சாண் நீளக் குச்சி, மூன்று கணு இருக்கும்படி. மேல் ஜோடி இலையைப் பாதியாக நறுக்கி விட்டுவிட்டு மற்றதை உருவிவிடுங்கள். ஆற்றுமணலும் தேங்காய்நார்த் தூளும் சரிபாதி கலந்த பாலிபேக்கில் இரண்டு கணு புதையும்படி ஊன்றி, வெளிச்சமான நிழலில் வைத்து, மேலே தெளிந்த பிளாஸ்டிக் பை கவிழ்த்துவிடுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் வேர் பிடிக்கும். குருத்து வந்ததைப் பார்த்து ஏமாறக் கூடாது. குச்சியில் இருக்கும் சத்திலேயே அது முளைத்திருக்கும். லேசாக இழுத்தால் குச்சி எதிர்க்க வேண்டும், அதுதான் கணக்கு. பத்து ஊன்றினால் எனக்கு ஆறேழு தேறுகிறது. பக்கத்து வீட்டு மக்சிக்கின் வேலி முழுவதும் அப்படித் தேறியவைதான். அவர் எனக்குப் பதிலுக்குக் கொடுத்தது வெள்ளை வெட்சி.

கடைசியாக, முதிய செடி. எஸ்டேட் லயத்து வாசலில் அம்மா வைத்த வெட்சியின் குச்சியை யாராவது பத்திரமாகக் கொண்டுவந்து நட்டிருப்பார்கள். இருபது இருபத்தைந்து ஆண்டு கழித்து அது அடியில் மொட்டையாகவும் தலையில் மட்டும் இலையாகவும் நிற்கும். பிடுங்கிவிடாதீர்கள். மார்ச் கடைசியில் மொத்தக் கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் முழங்கால் உயரத்துக்குக் கூர்மையான வாளால் அறுத்துவிடுங்கள். பாராங்கால் கொத்தினால் தண்டு பிளந்து அழுகும். மூடாக்கும் அரை அளவு உரமும் போட்டு விடுங்கள். அறுத்த கட்டைகளின் பக்கவாட்டில் ஒரு மாதத்தில் செம்பு நிறக் குருத்துகள் கூட்டமாகக் கிளம்பும். அவற்றில் கட்டைக்கு மூன்று நான்கை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளி எடுங்கள். விட்ட குருத்துகள் முழுக்கக் கறுத்த பிறகே அடுத்த மூன்றில் ஒரு பங்குக்கு வாளை எடுங்கள்.